256 கோர் போட்டும் ஏன் மெதுவாகிறது?

வணக்கம் சார்,

ஒரு ஆக்சைடு பரப்பை, பொருள்களின் எலக்ட்ரான் கணக்கைப் போடும் குவாண்டம் எஸ்பிரெசோ மென்பொருளில் கணக்கிடுகிறேன். ஒரு நோடில் (கிளஸ்டரின் ஒரு கம்ப்யூட்டர்), 64 கோரில், 5 மணி நேரத்தில் முடிந்தது. 4 நோட் கிடைத்ததும் அதே ஸ்கிரிப்டில் எண்ணை மட்டும் 256 என்று மாற்றினேன். ஆறரை மணி நேரம் ஆகிறது. மெஷினில் கோளாறா? அவுட்புட்டை இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மெஷின் பாவம், அதை விட்டுவிடுங்கள். எண்ணை மட்டும் மாற்றினீர்கள் பாருங்கள், சிக்கல் அங்கேதான்.

உங்கள் அவுட்புட்டில் எஃப்எஃப்டி (ஃபாஸ்ட் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம்) போடும் புள்ளிக் கட்டம் மூன்று திசைகளில் 60, 60, 180 என்று இருக்கிறது. வேலையை எப்படிப் பிரிப்பது என்று நீங்கள் சொல்லாததால், 256 பிராசஸும் (கோருக்கு ஒன்றாக ஓடுபவை) இந்த ஒரே கட்டத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கட்டம் பிரிவது தளம் தளமாக. இருப்பதோ 180 தளம். 76 பிராசஸுக்குத் தளமே கிடைக்காது. அதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு எஃப்எஃப்டியின் நடுவிலும் தரவு கைமாற வேண்டும், எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பியாக வேண்டும். 64 பேர் என்றால் 64 × 63, அதாவது 4,032 செய்திகள். 256 பேர் என்றால் 65,280. செய்தி ஒவ்வொன்றும் பொடிப்பொடியாகிவிடுகிறது, அதுவும் நோட் விட்டு நோட் தாண்டிப் போகிறது. அவுட்புட்டின் கடைசியில் 'பேரலல் ரூட்டீன்ஸ்' என்ற தலைப்பின் கீழே எஃப்எஃப்டி ஸ்கேட்டருக்கு, அதாவது இந்தக் கைமாற்றத்துக்கு, ஆன நேரத்தை இரண்டு ஓட்டங்களிலும் ஒப்பிட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

உங்களிடம் 12 கே-புள்ளிகள் (எலக்ட்ரான் அலைகளைக் கணக்கிட எடுக்கும் மாதிரிப் புள்ளிகள்) இருக்கின்றன. ஒரு கே-புள்ளியின் கணக்குக்கு இன்னொன்றின் தயவு அநேகமாகத் தேவையில்லை. அதனால் பிராசஸ்களைப் பூல் பூலாகப் (குழுக்களாக) பிரித்து கே-புள்ளிகளைப் பங்கிடும் என்பூல் என்ற அமைப்பை 4 என்று கொடுங்கள். ஒரு பூலுக்கு 64 பிராசஸ், 3 கே-புள்ளி. ஒவ்வொரு பூலும் ஒரு நோடுக்குள்ளேயே அடங்கிவிடும். மேலே சொன்ன பேச்சுவார்த்தை நெட்வொர்க்குக்கே வராது. பூல்கள் கூடினால் மெமரியும் கூடும், ஆனால் 64 கோரில் ஓடிய வேலை இது, தாங்கும். 8 பூல் வேண்டாம்: பாதிப் பூல்களுக்கு 2 புள்ளி, மீதிக்கு 1, முடித்தவை சும்மா காத்துக்கிடக்கும்.

சரி, நேரம் நாலில் ஒன்றாகிவிடுமா? ஆகாது. 1967-இல் கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் சொன்ன கணக்குதான். 300 நிமிடத்தில் 15 நிமிட வேலை பிரிக்க முடியாதது என்று வையுங்கள். மீதி 285 நிமிடம் நாலு மடங்கு கோரில் 71 ஆகும், மொத்தம் 86. கோரை எவ்வளவு கூட்டினாலும் அந்த 15 அப்படியே நிற்கும்.

அப்புறம் இன்னொன்று, நானே ஒரு வாரம் தொலைத்த இடம். ஒரு பிராசஸ் எத்தனை த்ரெட் (அதற்குள் இணையாக ஓடும் கிளை) கிளப்பலாம் என்று சொல்லும் 'ஓஎம்பி நம் த்ரெட்ஸ்' மதிப்பை 1 என்று எழுத மறந்துவிட்டேன். ஒவ்வொரு பிராசஸும் நோடில் உள்ள அத்தனை கோருக்கும் த்ரெட் கிளப்பிவிட்டு ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டிருந்தன. நான் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சோதிக்க முழு ஓட்டம் வேண்டாம். கணக்கு அதிகபட்சம் எத்தனை சுற்று ஓடலாம் என்று சொல்லும் எலக்ட்ரான் மேக்ஸ்ஸ்டெப்பை 2 என்று வைத்து, 1, 2, 4 பூல்களில் ஓட்டிப் பாருங்கள். மூன்று நேரங்களையும் எழுதி அனுப்புங்கள்.