மேன் தீவின் டார்ட்டன் எவ்வளவு பழமையானது? அதன் நிறங்களுக்குப் பொருள் உண்டா?

நிறங்களுக்குப் பொருள் உண்டு. பழமைதான் பலரும் நினைக்கும் அளவுக்கு இல்லை. "பாரம்பரிய" என்ற அடைமொழியோடு விற்கப்படும் இந்தக் கட்டம் போட்ட கம்பளித் துணி, 20ஆம் நூற்றாண்டில் வடிவமைக்கப்பட்டது. குலத்துக்கொரு டார்ட்டன் என்ற வழக்கம் ஸ்காட்லாந்திலேயே 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது எழுந்த ஆர்வத்தால்தான் பரவலாக வேரூன்றியது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில், 572 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் மேன் தீவில் அந்த மரபு இருந்ததில்லை.

ஆகவே இத்துணி ஒரு குடும்பத்தையோ குலத்தையோ குறிப்பதில்லை, நிலத்தைக் குறிக்கிறது. நீலம் கடல், பச்சை குன்றுகள், வெள்ளை சுண்ணாம்பு பூசிய குடிசைகள், ஊதா ஹெதர் என்னும் குறுஞ்செடியின் பூ, பொன்மஞ்சள் கோர்ஸ் என்னும் முட்புதரின் பூ. இவற்றில் கடைசி இரண்டையும் வெறும் அழகுக்காகச் சேர்த்ததாக எண்ண வேண்டாம். கோடையின் இறுதியில் அத்தீவின் மலைச்சரிவுகளில் ஹெதரும் குட்டையான ஒருவகைக் கோர்ஸும் ஒன்றோடொன்று பின்னிப் பூக்கின்றன. கோர்ஸை அங்குள்ள குடியானவர்கள் வேலியாக வளர்த்தார்கள், விறகாக எரித்தார்கள், முள்ளை நசுக்கிக் கால்நடைகளுக்குத் தீனியாகவும் போட்டார்கள். அந்த மஞ்சள் கோட்டில் ஓர் ஏழை வீட்டின் அன்றாடமும் இருக்கிறது என்பது என் கருத்து.

நெசவை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் புலப்படும். டார்ட்டனில் பாவில், அதாவது நீளவாட்டு நூலில், வரும் நிற வரிசையே பொதுவாகக் குறுக்கே ஓடும் ஊடையிலும் திரும்ப வரும். ஒரு நிறம் தன்னையே சந்திக்கும் இடத்தில் தூய நிறமும், வேறொன்றைச் சந்திக்கும் இடத்தில் இரண்டும் கலந்த சாயலும் தோன்றும். இப்படி ஐந்து நிற நூலிலிருந்து ஐந்து தூய நிறங்களும் பத்துக் கலப்புகளுமாகப் பதினைந்து சாயல்கள் கிடைக்கின்றன. பச்சை மேல் ஊதா படரும் கட்டத்தைப் பார்த்தால், குன்றின் மேல் ஹெதர் படர்ந்திருப்பதை வேறு எப்படிக் காட்டியிருக்க முடியும் என்று தோன்றுகிறது.

வடிவம் புதியது என்றாலும் அதைத் தாங்கும் தொழில் புதியதன்று. லாக்ஸி என்ற ஊரில் இன்றும் இத்துணியை நெய்யும் ஆலை, ஆங்கில எழுத்தாளர் ஜான் ரஸ்கினின் ஆதரவோடு 1881இல் தொடங்கப்பட்டது. கைராட்டையில் நூல் நூற்று வந்த தீவுப் பெண்களின் பிழைப்பைக் காப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதற்கும் நெடுங்காலம் முன்பே, பெரும்பாலும் நான்கு கொம்புகளோடு காணப்படும் லோக்டன் என்னும் பழுப்பு நிற ஆட்டின் கம்பளியை, சாயம் தோய்க்காமலே நெய்து உடுத்தியிருக்கிறார்கள்.

உங்களுக்கு வேண்டியது பழமை என்றால் அந்தப் பழுப்புக் கம்பளியை வாங்குங்கள்; அதுவும் அங்கே விற்பனைக்குக் கிடைக்கிறது. தீவின் நிலக்காட்சியைக் கழுத்தில் சுற்றிக்கொள்ள விரும்பினால், டார்ட்டன் சால்வையே பொருத்தம்.