கென் டிரைடன்: கார்னெலில் கோல் காத்த மூன்று ஆண்டுகள் (கேள்வி பதில்)

கனடாவின் கென் டிரைடன் 2025 செப்டம்பரில் காலமானபோது, கோல்கீப்பராக மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணியுடன் அவர் வென்ற 6 ஸ்டான்லி கோப்பைகளை (வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீகான NHL-இன் கோப்பை) பற்றித்தான் எங்கும் பேச்சு. எனக்கு என்னவோ, அதற்கு முன் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் ஆடிய ஐஸ் ஹாக்கிதான் பெரிதாகத் தெரிகிறது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: தொழில்முறை அணியே தேர்ந்தெடுத்த பிறகு அவர் எதற்குக் கல்லூரிக்குப் போனார்?

படிக்கத்தான். 1964இல், இளம் ஆட்டக்காரர்களை லீக் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், பாஸ்டன் புரூயின்ஸ் அணி அவரை 14ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்து, சில நாட்களிலேயே மாண்ட்ரியலுக்குக் கைமாற்றிவிட்டது. அப்போது அவருக்கு 17 வயதுகூட முடியவில்லை. பாஸ்டன் தன்னைத் தேர்ந்தெடுத்த விஷயமே பல வருடங்கள் கழித்துத்தான் அவருக்குத் தெரியும்! ஜூனியர் லீகில் ஆடி மேலே போவதுதான் அன்றைய வழக்கம். கல்லூரிக்குப் போனவன் பெரிய லீகுக்கு வரமாட்டான் என்றே பலர் நினைத்த காலம் அது. அவர் கார்னெலில் வரலாறு படிக்கச் சேர்ந்தார். கார்னெல் இருக்கும் ஐவி லீகில் (எட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) விளையாட்டுக்கென்று உதவித்தொகையும் கிடையாது.

கேள்வி: 1965இல் சேர்ந்தவருக்கு 1966 வரை ஆட்டக் கணக்கே இல்லையே, காயமா?

இல்லை. முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்று அப்போது விதி இருந்தது. அதனால் அவருக்குக் கிடைத்தது மூன்று பருவங்கள்தான்.

கேள்வி: கார்னெலில் அவர் கணக்கு 76 வெற்றி, 4 தோல்வி, 1 டிரா. அணி பலமாக இருந்ததால்தானே?

நியாயமான கேள்வி. நெட் ஹார்க்னஸ் பயிற்சியில் அது அசாத்தியமான அணி. டிரைடன் போன அடுத்த பருவத்தில் 29 ஆட்டங்களில் 29ஐயும் வென்றார்கள். ஆனால் அதை வைத்து அவரைக் குறைத்துப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். 1967 தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதியில் நார்த் டகோட்டாவுக்கு எதிராகக் கார்னெல் அடித்தது ஒரே ஒரு கோல். அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது என்றால் பின்னால் நின்றவர் எதையும் விடவில்லை என்று அர்த்தம். இறுதியில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 4-1 என்று வென்று, கார்னெல் முதல் தடவையாக தேசியப் பட்டம் வாங்கியது.

பலமான அணியின் கோல்கீப்பருக்கு வேறொரு கஷ்டமும் உண்டு. பத்து நிமிஷம் பந்தயம் முழுக்க எதிர்முனையில் நடக்கும். கால் விறைத்துப் போகும், மனசு அலையும். அப்புறம் திடீரென்று ஒருவன் தனியாகப் பாய்ந்து வருவான். ஆட்டம் நிற்கும்போது டிரைடன் மட்டையைத் தரையில் ஊன்றி, அதன் உச்சியில் இரண்டு கைகளையும் வைத்து, முகமூடிக்குள் இருந்து அமைதியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். மாண்ட்ரியலில் சிலையாகவே வடித்த நிலை அது.

கேள்வி: 6 அடி 4 அங்குல உயரம் இருந்தால் யாரும் கோல் காக்கலாமே சார்?

கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். கோட்டிலேயே நின்றால் எவ்வளவு உயரமானவருக்கும் இரண்டு பக்கமும் இடைவெளி தெரியும். வீட்டில் ஒரு டார்ச்சைச் சுவரில் அடித்து, நடுவில் கையை நீட்டிப் பாருங்கள். கை டார்ச்சை நெருங்க நெருங்க நிழல் சுவர் முழுக்கப் பரவும். அடிப்பவன் டார்ச், கோல்கீப்பர் கை, வலை சுவர். டிரைடன் முன்னே நகர்ந்து அந்த நிழலைப் பெரிதாக்குவார். ஒரேயடியாக முன்னே போய்விட்டால் பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் தட்டையான ரப்பர் வட்டு) இன்னொருவனுக்குத் தள்ளிவிடுவார்கள், வலை காலியாகக் கிடக்கும். எத்தனை அடி நகர்வது என்பதை அரை நொடியில் முடிவு செய்ய வேண்டும். உயரம் பாதிதான் உதவும். மீதி கணிப்பு.

கேள்வி: அண்ணா, கல்லூரியில் அவருடைய கடைசி ஆட்டம்?

தோல்வி. 1969 தேசிய இறுதியில் டென்வரிடம் 4-3. எனக்கு இன்றும் மனசு ஆறாத ஸ்கோர்.

கேள்வி: கல்லூரி ஆட்டம் பெரிய லீகில் எடுபட்டதா?

1971 மார்ச்சில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டே மாண்ட்ரியலுக்கு ஆட வந்தார். லீக் ஆட்டம் ஆறு, ஆறிலும் வெற்றி. அடுத்து பிளேஆஃப் (லீக் ஆட்டங்கள் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகள்) முதல் சுற்றிலேயே, முந்தைய வருடக் கோப்பையை வென்ற பாஸ்டன் புரூயின்ஸ் எதிரே நின்றது. ஏழு ஆட்டங்கள் போராடி அவர்களை வெளியேற்றி, கடைசியில் கோப்பையையும் வென்றார்கள். பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருது டிரைடனுக்கு. சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது வந்ததோ அதற்கு அடுத்த வருடம்!

கேள்வி: கார்னெல் அவரை நினைவில் வைத்திருக்கிறதா?

வைத்திருக்கிறது. 2010இல் அவருடைய 1ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அந்த எண்ணை அங்கே இனி எந்தக் கோல்கீப்பரும் போடமாட்டார்.