25 மீற்றர் தடாகத்தில் மார்பு நீச்சல் ஏன் வேகமாகிறது?

மட்டக்களப்பில் நீச்சல் பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு வரக்கூடிய கேள்வி இது: தூரம் அதே 100 மீற்றர்தான், பிறகு ஏன் சர்வதேச ‘ஷார்ட் கோர்ஸ்’ போட்டிகளில் பெண்களின் மார்பு நீச்சல் நேரம் குறைகிறது?

ஷார்ட் கோர்ஸ் என்பது 25 மீற்றர் நீளத் தடாகத்தில் நடப்பது. ஒலிம்பிக் தடாகம் 50 மீற்றர். 100 மீற்றருக்கு அங்கே ஒரு முறை திரும்பினால் போதும், இங்கே மூன்று முறை. திரும்புவது நேரத்தை வீணாக்கும் என்றுதான் தோன்றும். உண்மையில் லாபமே அங்கேதான். வாவிக் கரையைக் காலால் உந்தித் தோணியில் ஏறினால், துடுப்புப் போடாமலே தோணி விரைகிறதல்லவா? சுவரை உதைப்பதும் அப்படித்தான்.

நான்கு வகை நீச்சல்களில் மிக மெதுவானது மார்பு நீச்சல். ஒவ்வொரு வீச்சிலும் முழங்காலை மடக்கிக் காலை முன்னே இழுக்க வேண்டும், தண்ணீர் தடுக்கும். சுவரை உதைத்தபின் அந்தத் தடை இல்லாமல், உடலை நீட்டியபடி நீருக்கடியில் வழுக்கிப் போகலாம். அதன்போது கைகளைத் தொடைவரை ஒரு முறை இழுக்கவும், டொல்பின் போல ஒரு முறை உதைக்கவும் விதி அனுமதிக்கிறது. மெதுவான நீச்சல் என்பதாலேயே இந்த லாபம் பெரிதாகத் தெரிகிறது.

2014 தோஹா உலக ஷார்ட் கோர்ஸ் போட்டியில் ஜமைக்காவின் அலியா அட்கின்சன் பெண்கள் 100 மீற்றர் மார்பு நீச்சலை 1 நிமிடம் 2.36 செக்கன்களில் நீந்தி வென்றார். 50 மீற்றர் தடாகத்தில் அமெரிக்காவின் லில்லி கிங் 2017இல் படைத்த உலக சாதனை 1 நிமிடம் 4.13 செக்கன்.

இதை வைத்து, அட்கின்சனின் நேரம் குறைவாக இருக்கும்போது கிங்கின் நேரம் உலக சாதனையாகாது என்று எண்ணுவது தவறு. இரண்டு தடாகங்களுக்கும் உலக சாதனைகள் தனித்தனியாகவே பதிவாகின்றன.