விரல் பலகையில் ஸ்டிக்கர் ஒட்டலாமா? வயலின் கேள்வி-பதில்

மகளுக்கு 9 வயது. வயலினில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை வாசிக்கிறாள். ஸ்வரம் இருக்கும் இடங்களில் ஸ்டிக்கர் ஒட்டித் தரலாமா? (தேவகோட்டை ஆச்சி ஒருவர்)

வேண்டாம் ஆச்சி. ஒட்டிவிட்டால் பிள்ளை அதைப் பார்த்துத்தான் விரல் வைக்கும், சுருதியைக் கேட்காது. சரளி வரிசைக்குரிய ராகமான மாயாமாளவகௌளையில் ரி சட்ஜத்தை (ச) ஒட்டியும் க மத்யமத்தை (ம) ஒட்டியும் இருக்கும். ரிக்கும் கவுக்கும் நடுவே பெரிய இடைவெளி. புதிதாகக் கற்பவர்கள் ரியை ஏற்றி, கவை இறக்கி, அந்த இடைவெளியைக் குறுக்கிவிடுவார்கள். இதற்கு மருந்து வாய்ப்பாட்டு. சுருதிப் பெட்டியைப் போட்டு முதலில் பாடட்டும், அப்புறம் வாசிக்கட்டும். சரிபார்க்க ஒரு வழி: சட்ஜத் தந்தியில் நான்காம் விரலால் பஞ்சமம் (ப) பிடித்து, பக்கத்துப் பஞ்சமத் தந்தியை விரல் வைக்காமல் இழுத்து, இரண்டும் சேர்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். நாளைக்குத் தோடி ராகம் வரும்போது காந்தாரம் (க) ஓரிடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். அதற்கு எங்கே ஸ்டிக்கர் ஒட்டுவது?

வில் போட்டால் கரகரவென்று கேட்கிறது. (கல்லூரி மாணவர், காரைக்குடி)

வில் குதிரைக்கு (தந்திகளைத் தாங்கும் மரத் துண்டுக்கு) இணையாகப் போகவில்லை, அதுதான் பெரும்பாலும் காரணம். உங்கள் பக்கத்து வீடுகளில் ஆளுயரப் பெல்ஜியம் கண்ணாடி இருக்குமே, அதன் முன் உட்கார்ந்து பாருங்கள். ஒரு ஸ்வரத்துக்கு ஒரு முழு வில், நான்கு எண்ணிக்கை, தினமும் பத்து நிமிடம். வில்லில் தடவும் ரோசினையும் குறையுங்கள். பெரிய கூடத்தில் சாதகம் (பயிற்சி) வேண்டாம். எதிரொலி குறையை மூடிவிடும். சின்ன அறைதான் உள்ளதைச் சொல்லும்.

மகன் சினிமாப் பாட்டுத்தான் வாசிப்பேன் என்கிறான். (பள்ளத்தூர்)

வாசிக்கட்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்துக் குன்றக்குடியில் 1935-இல் பிறந்த வயலின் கலைஞர் வைத்தியநாதன் கச்சேரியும் செய்தார், சினிமாவுக்கு இசையும் அமைத்தார். ஆனால் அவர் தந்தையிடம் முறையாகப் பயின்று, பாடகர்களுக்குப் பல ஆண்டுகள் பக்கவாத்தியம் வாசித்தவர். பாடுபவரின் பிடியை (அவர் பாடும் ஸ்வரக் கோவையை) அந்தக் கணமே விரலில் கொண்டுவரும் பயிற்சி அது. அந்தக் காது வாய்த்தால் எந்தப் பாட்டும் வரும். மகனுக்குப் பிடித்த பாட்டு எந்த ராகம் என்று ஆசிரியரிடம் கேட்டு, அதே ராகத்தில் ஒரு கீதமோ வர்ணமோ சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.

ஐயா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த வயலின் பெட்டியிலேயே கிடக்கிறது. தந்தி மாட்டி வாசிக்கலாமா? (கானாடுகாத்தான்)

உடனே மாட்டாதீர்கள். உள்ளே மேல்பலகையைத் தாங்கி நிற்கும் சிறு மரக்குச்சி விழுந்திருந்தால், தந்தியை முறுக்கும்போது பலகை அமுங்கி வெடிக்கும். பழுதுபார்ப்பவரிடம் காட்டிவிட்டு எடுங்கள்.