வரிசையில் நிற்பது

அன்புள்ள சேர்,

கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலேயே டியூஷன் நடத்துகிறேன். வயது 54. கம்பனி வேலை இல்லாததால் எனக்கும் மனைவிக்குமான மருத்துவக் காப்புறுதியை நானே கட்டி வருகிறேன். இம்முறை புதுப்பிக்கப் போனால் பிரீமியத்தை மறுபடி கூட்டியிருக்கிறார்கள். இருவருக்கும் சீனி வருத்தம் (நீரிழிவு). கட்டினால் வீட்டுச் செலவு இடிக்கிறது, விட்டால் பயம். அரசாங்கப் பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்கிற நிலைக்கு வந்துவிடுவோமோ என்று மனைவி அழுகிறார். கட்டுவதா, விடுவதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிரீமியம் ஏறுவதற்குக் காரணம் தெரிந்ததுதான். நமக்கு மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தாண்டியது. தனியார் ஆஸ்பத்திரி பில் ஏறியது, நமக்கு வயதும் ஏறுகிறது. ஏஜென்டோடு சண்டை பிடித்துப் பயனில்லை. ஆனால் முழுதாக விட்டுவிடாதீர்கள். பிறகு புதிதாக எடுக்கப் போனால் சீனி வருத்தத்தைக் காட்டி ஒதுக்குவார்கள். காப்புத் தொகையைக் குறைத்துக் கட்டலாமா என்று கேளுங்கள். சரி, அது அவ்வளவுதான்.

அந்த 'நிலை' என்ற சொல்தான் எனக்குப் பொறுக்கவில்லை. சில மாதங்களாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் அப்பாவின் நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தது அந்தப் பெரியாஸ்பத்திரியில்தான். ஒரு சதம் கேட்கவில்லை. வாட்டில் கட்டில் போதாமல் ஆட்கள் பாயில் கிடந்தார்கள், உண்மைதான். ஆனால் வெட்டித் தைத்த கை நாட்டின் மிகச் சிறந்த கைகளில் ஒன்று. காலையில் கிளினிக்கில் இலவசமாகப் பார்க்கிற அதே ஸ்பெஷலிஸ்டைத்தான் பின்னேரம் நாம் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டிச் சனல் பண்ணுகிறோம். இது தெரியாதவரா நீங்கள்?

இன்னொன்று. இந்தக் காப்புறுதிப் பொலிசிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காசு தரும். மாதாமாதம் விழுங்குகிற மாத்திரைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் இப்போதும் உங்கள் பையிலிருந்துதானே போகிறது? அதைத்தான் அரச கிளினிக் சும்மா தருகிறது.

கோபப்படாதீர்கள், சொல்லத்தான் வேண்டும். கொஞ்சம் காசு சேர்ந்ததும் நம்மைப் போன்றவர்கள் அந்த வரிசையை விட்டு விலகினோம். கடிதம் எழுதத் தெரிந்தவன், அதிகாரியிடம் நின்று கேள்வி கேட்கத் தெரிந்தவன் எல்லோரும் போனபின், அங்கே எஞ்சியது கேட்கப் பழகாத சனம். 2022இல் மருந்து தீர்ந்தபோது அவர்கள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் பார்மசிக்குப் போனார்கள். வாங்க வழியில்லாதவர்கள் வீட்டுக்குப் போனார்கள். நாம் அந்த வரிசையில் நின்றிருந்தால் அவ்வளவு அமைதியாக அது நடந்திருக்குமா? வரி நாமும்தான் கட்டுகிறோம். அந்த ஆஸ்பத்திரி ஏழைக்குப் போட்ட பிச்சையல்ல, உங்கள் சொத்து.

மனைவியிடம் சொல்லுங்கள், அழ ஒன்றுமில்லை. உங்களுக்குக் கிட்ட களுபோவிலை அரச ஆஸ்பத்திரி இருக்கிறது. இருவரும் பழைய றிப்போர்ட்டுகளோடு விடிய வெள்ளன போய்ப் பதியுங்கள். மருந்தை வெளியில் வாங்கச் சொன்னால், எது இல்லை, எப்போதிலிருந்து இல்லை, எப்போது வரும் என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் மருந்தின் பெயரோடு எனக்கு எழுதுங்கள். இங்கேயே போடுகிறேன்.