9 மீட்டர் உயரத்தில் எல்ஈடி மாட்டியும் லேத் மேசை மங்கலாக இருக்கிறதா?

வாட்டைக் கூட்டாதீர்கள், ஒளி விரியும் கோணத்தைக் குறையுங்கள். 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கை எடுத்துவிட்டு 150 வாட் எல்ஈடி ஹைபே (உயரமான கூரைக்கான விளக்கு) மாட்டியதும் லேத் மேசை மங்கிவிட்டது என்கிறீர்கள். நீங்கள் தந்த விவரத்தில் கோணம் 120 டிகிரி. 9 மீட்டர் உயரத்துக்கு அது மிக அகலம். ஒளியில் நல்ல பங்கு சுவருக்கும் அடுக்குகளின் தலைக்கும் போய்விடுகிறது. பழைய விளக்கின் ஆழமான ரிஃப்ளெக்டர் அதைக் கீழே குவித்துக்கொண்டிருந்தது.

எதையும் வாங்கும் முன் லக்ஸ் மீட்டரால் (ஒளியின் அளவைக் காட்டும் கருவி) அளந்துவிடுங்கள்:

1. மேசை மட்டத்தில், விளக்குக்கு நேர் கீழே.
2. அதே மட்டத்தில், இரண்டு விளக்குகளுக்கு நடுவில்.

இரண்டு அளவுகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவும் குறைவாகவும் இருந்து, சுவரின் மேற்பகுதி பளிச்சென்று தெரிந்தால் கோணம்தான் காரணமாக இருக்க வேண்டும். பல மாதிரிகளில் லென்ஸை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் 60 டிகிரி லென்ஸ் போட்டால் மேசை மட்டத்தில் ஒளிவட்டம் சுமார் 9 மீட்டர்தான். விளக்குகளின் இடைவெளி அதைவிட அதிகமென்றால் நடுவில் இருள் பட்டை விழும். அப்போது 90 டிகிரியே நல்லது.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: டிரைவர் (எல்ஈடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) மினுமினுப்பு உள்ளதாக இருந்தால், அந்த ஒளியில் லேத்தின் சுழலும் சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் பகுதி) நின்றிருப்பதுபோலத் தோன்றக்கூடும். லேத்துக்கு மேலே மினுமினுப்பற்ற டிரைவர் கட்டாயம்.