இமாம் புகாரியும் அந்த 200 ஆண்டுகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் ரஜப் மாதம் முழுக்க புகாரி ஷரீஃப் ஓதுவார்கள். நபிகளின் சொல், செயல் பற்றிய செய்திகளான ஹதீஸ்களை இமாம் புகாரி தொகுத்த நூல் அது. அதைக் கேட்டே வளர்ந்தவன் நான். இப்போது கல்லூரி நண்பர்கள் கேட்பதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) மறைந்து சுமார் 200 ஆண்டுகள் கழித்து எழுதியவரை எப்படி நம்புவது? ஆறு லட்சம் ஹதீஸ்களில் ஏழாயிரத்தைத்தான் எடுத்தார் என்றால் மீதியெல்லாம் பொய்யா?

எஸ்.,
காயல்பட்டினம்

அன்புள்ள எஸ்.,

நண்பர்கள் கேட்டதில் தவறே இல்லை. ‘இதை உமக்கு யார் சொன்னது? அவருக்கு யார் சொன்னது?’ என்பதுதான் புகாரியின் வாழ்நாள் கேள்வியும்.

தமிழாக்கங்களில் பெரும்பாலும் நபித்தோழர் பெயர் மட்டும் இருக்கும். அதனால் அங்கிருந்து புகாரிக்கு ஒரே தாவலாகத் தெரிகிறது. அரபு மூலத்தில் நடுவில் உள்ள எல்லோரும் வரிசையாக வருவார்கள். ஸலமா பின் அல்அக்வஃ என்ற நபித்தோழர் யஸீத் பின் அபீ உபைதுக்குச் சொன்னார். யஸீத், பல்கு நகரத்து மக்கீ பின் இப்ராஹீமுக்குச் சொன்னார். மக்கீயிடம் புகாரி நேரில் கேட்டார். அந்த 200 ஆண்டுகளுக்கு மூன்றே பேர்! இப்படி மூவர் மட்டுமே இடையில் வரும் ஹதீஸ்கள் அந்நூலில் 22 உண்டு. ஹதீஸ்களை எழுதுவதும் புகாரியோடு தொடங்கவில்லை. அவர் பிறந்தது 810-இல். அதற்கு முன்பே, 795-இல் இமாம் மாலிக் ‘முவத்தா’ என்ற ஹதீஸ் நூலைத் தந்துவிட்டு மறைந்திருந்தார்.

சரி, ஆறு லட்சம்? அது அறிவிப்பாளர் தொடர்களின் கணக்கு. ஒரே வாசகத்தை ஓர் ஆசிரியரிடம் ஐம்பது மாணவர்கள் கேட்டுச் சொன்னால் ஐம்பது ஹதீஸ். புகாரியின் ஏழாயிரத்துச் சொச்சத்திலும் திரும்ப வருவதைக் கழித்தால் ஏறக்குறைய 2,600தான் மிஞ்சும். நூல் நீண்டுவிடும் என்று பல ஸஹீஹான (நம்பகமான) ஹதீஸ்களை விட்டுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே விடுபட்டதெல்லாம் பொய் என்றாகாது.

எனக்கு அவர் மீது மதிப்பு கூடியது இன்னொரு விஷயத்தால். நைசாபூரில் முஹம்மது பின் யஹ்யா அத்துஹ்லீ பெரிய ஹதீஸ் அறிஞர். குர்ஆனை ஓதும் மனிதனின் உச்சரிப்பு படைக்கப்பட்டதா என்ற சர்ச்சையில் அவர் புகாரிக்கு எதிராகத் திரும்பினார். புகாரியிடம் போகிறவர்கள் தன் சபைக்கு வர வேண்டாம் என்றார். புகாரியின் மாணவரும் ஹதீஸ் அறிஞருமான இமாம் முஸ்லிம் அங்கேயே எழுந்து வெளியேறி, துஹ்லீயிடம் கேட்டு எழுதிய ஏடுகளையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார். புகாரிக்கு நைசாபூரில் இருக்க முடியவில்லை. சொந்த ஊரான புகாராவுக்குத் திரும்பியும் நிம்மதி இல்லை. தன் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் நடத்தச் சொன்ன ஆளுநருக்கு மறுத்ததால் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார். 870-இல் சமர்கந்துக்கு அருகே ஒரு கிராமத்தில் மறைந்தார்.

அந்தத் துஹ்லீ சொன்ன ஹதீஸ்கள் புகாரியின் நூலான ஸஹீஹுல் புகாரியில் இன்றும் இருக்கின்றன. அவர் பெயர் முழுதாக வராது. ‘முஹம்மது’ என்று மட்டும் வரும், அல்லது பாட்டனார் பெயரோடு சேர்ந்து வரும். மனத்தாங்கல் இருந்திருக்கலாம். ஆனாலும் ஹதீஸில் அவர் நம்பகமானவர், அதனால் நீக்கவில்லை. தன்னை ஊரை விட்டுப் போகவைத்தவரின் சாட்சியத்தையே நேர்மையாக எடை போட்ட ஒருவரை நான் நம்புகிறேன்.

உங்கள் ஊரில் ஆலிம்களுக்கு (மார்க்க அறிஞர்களுக்கு) பஞ்சமில்லை. ஒருவரிடம் உட்கார்ந்து ஒரே ஒரு ஹதீஸின் தொடரை முழுதாகப் படியுங்கள். ஒவ்வொருவரும் எப்போது வாழ்ந்தார், யாரைச் சந்தித்தார் என்று கேளுங்கள். முடிந்தால் அந்த நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.